யார் ஊட்டுப் பையன்

சாமி,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. ஓசூருக்கு முட்டை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியின் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் டீ குடிக்க நிறுத்தும்போது அவர் எடுத்துப் படிக்கலாம். உன் அறையில் இருக்கும் பையன்கள் உனக்கு முன்னால் படித்துவிடலாம். படிக்கட்டும். இதில் எழுதப்போவது இனி நம் வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளக்கூடிய விஷயம் இல்லை. நீ போனை எடுப்பதில்லை. எடுத்திருந்தாலும் நான் "சாப்பிட்டாயா" என்று கேட்டுவிட்டு வைத்திருப்பேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவள் நான். படித்தால் பேச்சு வந்துவிடும் என்று உன் தாத்தா நம்பினார். வரவில்லை. தீவன மில் ஆபீசில் இத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறேன், முதலாளி ஏதாவது கேட்டால் இன்றைக்கும் பதிலைத் துண்டுத்தாளில் எழுதித்தான் நீட்டுகிறேன். பேச வராதவளுக்குப் பார்ப்பதுதான் வேலை. அதனால் நான் நிறையப் பார்த்துவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்தபோதும் பார்த்தேன். உன் சட்டையை முதல் தடவையாக நீயே துவைத்தாய். கிறிஸ்துமஸுக்கு எடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை. நான் கையை நீட்டியபோது "நீ போம்மா" என்றாய். உன் வலது மணிக்கட்டில் நகம் பதிந்திருந்தது. அடிதடியில் விழுகிற கீறல் தாறுமாறாக இழுத்துக்கொண்டு போகும். உன் கையில் இருந்தது அப்படி இல்லை. விரல்கள் எல்லாம் ஒரே இடத்தில் அழுந்திய தடம் அது. யாரோ உன் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சோறு போட்டேன். நீ பிசைந்துகொண்டே இருந்துவிட்டுக் கை கழுவினாய். மறுநாள் காலையில், ஓசூரில் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். அப்பா மில் வண்டியில் வெளியூர் போயிருந்தார். அவர் வரும்வரை நீ காத்திருக்கவில்லை.

சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் பிஜோய் என்று ஒருவன் படுத்திருக்கிறான். அவன் பெயர் உனக்குத் தெரிந்திருக்காது. அசாம் பக்கத்து ஆள். சேந்தமங்கலம் போகிற ரோட்டில் ஒரு கோழிப்பண்ணைக்கு வேலைக்கு வந்தவன், நம் பிரிவு ரோட்டில் தவறி இறங்கிவிட்டான். பெட்டிக்கடை வாசலில் நின்ற ஒரு குழந்தையிடம் போனில் இருந்த பண்ணைப் படத்தைக் காட்டி வழி கேட்டிருக்கிறான். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று எல்லோர் போனிலும் அந்த வாரம் முழுக்க ஒரு குரல் சுற்றிக்கொண்டிருந்தது. மற்றது உனக்குத் தெரியும். அவனுக்கு விலா எலும்பு முறிந்திருக்கிறது. இடது கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ திரும்பி வர வேண்டும், வந்து அவன் முன்னாலும் போலீஸ் முன்னாலும் நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் பொறுமையாகப் படி.

உன் அப்பாவின் முகத்தைப் பற்றி நாம் வீட்டில் பேசியதே இல்லை. உன் முகத்தைப் பற்றியும்தான். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் உன்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, வார்டு முழுக்கப் பார்த்துவிட்டு, வராந்தாவில் நின்ற அப்பாவிடம் நேராகப் போய்க் கொடுத்தாள். அவளுக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. அவர் இந்த ஊருக்கு வந்தது எப்படி என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று அசாமை ஒட்டிய அவர்கள் மலைக்கு ஆழ்துளைக் கிணறு போடப் போனது. பைப் தூக்க ஆள் வேண்டியிருந்ததால் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். வண்டி ஊர் திரும்பியபோது அவரும் ஏறி வந்துவிட்டார். ஞாயிறு பூசையில் கடைசிப் பெஞ்சில் உட்காருவார். பாட்டின் வார்த்தைகள் தெரியாது. மெட்டு மட்டும் அவர்கள் ஊர்க் கோயிலிலும் அதேதான் போலிருக்கிறது, வாயைத் திறக்காமல் கூடவே முனகுவார். முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு நான் அந்த முனகலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டராக இருந்த உன் தாத்தா, கல்யாணப் பேச்சை எடுத்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "யாரூட்டுப் பையன்னு கேட்டா நான் என்னத்தம்மா சொல்றது?"

இந்தப் பக்கத்தில் அது சாதாரணக் கேள்வி. புது ஆளைப் பார்த்தால் பெயரைக் கேட்கிறார்களோ இல்லையோ, யார் ஊடு என்று கேட்டுவிடுவார்கள். தெரிந்த ஒரு வீட்டைச் சொன்னால் போதும். முகம் மலரும், தண்ணீர் வரும், உட்காரச் சொல்வார்கள். அப்பாவுக்குச் சொல்ல இங்கே ஒரு வீடு இருக்கவில்லை. அதனால் ஊரே ஒரு பெயர் வைத்தது, நேபாளி பீட்டர் என்று. அவர் நேபாளத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. கூர்க்கா வேலைக்கு வருகிறீர்களா என்று இப்போதும் யாராவது கேட்கிறார்கள். அவர் தமிழ் கற்றது ரிக்கில். யாருக்கு மரியாதை வைப்பது, யாருக்கு விடுவது என்று பிடிபடாமல் எல்லோருக்கும் 'ங்க' போட்டுவிடுவார். நம் நாயையே "அந்தப் பக்கம் போங்க" என்பார். சின்ன வயதில் நீ அதைக் கேட்டுத் தரையில் புரண்டு சிரிப்பாய்.

கொரோனா வந்த வருடம் உனக்குப் பதின்மூன்று நடந்துகொண்டிருந்தது. ஊரடங்கெல்லாம் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தை அடித்தது வேறு ஒன்று. கோழி தின்றால் அந்த நோய் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கறி வாங்க ஆளில்லை, முட்டை வாங்க ஆளில்லை. பண்ணைக்காரர்கள் தீவனம் போட வழியில்லாமல் குஞ்சுகளைக் குழி வெட்டி மூடினார்கள். மில்லுக்கு வந்து முதலாளி முன்னால் அழுத பெரிய பெரிய ஆட்களை நான் பார்த்தேன். அப்போதுதான் புதுச்சத்திரத்தில் ஹைவே ஓரமாகப் பந்தல் போட்டு, கோழியை வறுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். எல்லோர் முன்னாலும் தின்று காட்டினால் ஜனங்களின் பயம் போகும் என்று நினைத்தார்கள். காலையிலிருந்து அடுப்புக்கு விறகும் தண்ணீர் டிரம்மும் இறக்கியது உன் அப்பா. நீயும் கூடவே ஓடிக்கொண்டிருந்தாய். மைக்கில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். "வதந்திய நம்பாதீங்க. கண்ணால பாருங்க, நாங்களும் இதைத்தான் திங்கறோம்."

அப்பா தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு வரிசையை விட்டு விலகினார். அவருக்கு முன்னால் இருந்தவரும் விலகினார்.

"ஏனுங்க, சைனாக்காரனாட்டம் ஒருத்தன் நிக்கறானே, யாருங்க அது?"

"நம்ம மில்லு டிரைவருங்க. இங்கயேதான் இருக்கறாரு, ரொம்ப வருசமா."

"இருக்கட்டுமுங்க. இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க நின்னா எவன் வந்து திம்பான்? நாம பாடுபட்டதெல்லாம் வீணாப் போயிரும்."

பந்தல் போட்டவர் நல்ல மனிதர். உனக்கு ஞாபகம் இருக்கும், அவர் பண்ணையிலும் குஞ்சுகளைப் புதைத்திருந்தார். அவர் அப்பாவின் தோளில் கை வைக்கப் போய், வைக்காமல், தணிந்த குரலில் சொன்னார். "பீட்டரு, தப்பா நெனச்சுக்காதீங்க. நல்ல துண்டாப் பாத்துப் பார்சல் கட்டித் தாரேன். ஊட்டுல போய்ச் சாப்புடுங்க."

"சரிங்க," என்றார் அப்பா.

மைக் அப்போதும் வதந்தியை நம்பாதீர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து பார்சலைப் பிரித்தோம். நீ தொடவில்லை. நானும் தொடவில்லை. அப்பா ஒரு துண்டு விடாமல் தின்றார், எலும்பையும் கடித்துத் துப்பினார். "நல்லாத்தான் பண்ணியிருக்கறாங்க," என்றார். அன்றைக்கு அந்தப் பந்தல்காரர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. ஒரு பொய்யால் குடும்பமே அழிந்துபோகும் நிலையில் நின்றவர், இன்னொரு பொய் வந்து எதிரில் நின்றபோது அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லையே என்று பல நாள் யோசித்தேன். அடிபட்டவனுக்கு அடுத்தவன் வலி தெரிந்துவிடும் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. அது அந்தப் பந்தலில் ஆட்டம் கண்டது. உன் விஷயத்தில் மட்டும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஊரடங்கு. தீவன வண்டி மட்டும் ஓடலாம் என்று அனுமதி இருந்ததால் அப்பா தினமும் போய் வந்தார். ஊருக்கு ஊர் மூங்கில் கட்டி வழியை அடைத்துப் பையன்கள் காவலுக்கு நின்றார்கள். ஒருநாள் அப்பாவை வண்டியிலிருந்து இறக்கி, வயலுக்கு மருந்தடிக்கும் மெஷினில் பிளீச்சிங் தண்ணீரை நிரப்பித் தலையிலிருந்து கால்வரை அடித்துவிட்டார்கள். கண் இரண்டும் சிவந்து, சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு அவர் வாசலில் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. மறுநாளிலிருந்து, பையன் கூட இருந்தால் பேசிக்கொள்வான் என்று உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டார். உன் தமிழில் ஒரு குறையும் யாராலும் சொல்ல முடியாது. அதற்கு ஒரு விளையாட்டுப் பயிற்சியும் நடந்தது. அப்பா விளக்குமாற்றைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்.

"யாருங்க நீ? யாரூட்டுப் பையனுங்க?"

"மெரட்டறவன் எவனாச்சும் ங்க போடுவானாப்பா?"

"செரி, செரி. யாருடா நீ? யாரூட்டுப் பையன்டா?"

"தீவன மில்லு பீட்டர் ஊட்டுப் பையனுங்க."

"அது வேண்டாம் சாமி. பீட்டர்னா என்ற மூஞ்சிய ஒருக்காப் பாப்பாங்க. தாத்தா பேரச் சொல்லுங்க."

"நான் உங்க பையன்தானே?"

"ஆமாங்க. அது நமக்குத் தெரிஞ்சாப் போதுமுங்க."

உள்ளே காய் நறுக்கிக்கொண்டே நானும் சேர்ந்துகொண்டேன். வீடு என்று சொல்லாதே, ஊடு என்று சொல், இன்னும் நம்புவார்கள் என்றேன். காலேஜில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று வீடு, வீடு என்று பழகிக்கொண்டவள் நான். அதையே உனக்குத் திருப்பிச் சொல்லிக் கொடுத்தேன். நீ சீக்கிரமே கற்றுக்கொண்டாய். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, பனமரத்துப்பட்டி பக்கம் ஒரு தடுப்பில் நிறுத்தியிருக்கிறார்கள். "பட்டற சூசை பேரனுங்க, நாமக்கல்லு பெயிண்டர் சூசை," என்று நீ சொல்லியிருக்கிறாய். அங்கே ஒரு லாரிக்காரருக்குத் தாத்தாவைத் தெரியும். "அட, சூசையண்ணன் பேரனா? அப்ப வண்டில இருக்கறது யாரு சாமி?" என்று கேட்டாராம்.

"எங்க மில்லு டிரைவருங்க," என்றாயாம்.

விட்டுவிட்டார்கள். அப்பா அதை வீட்டுக்கு வந்து ஒரு பெரிய தமாஷாகச் சொன்னார். "இன்னைக்கு நான் டிரைவருங்க. ஐயா என்னைக் கூட்டிட்டு வந்தாருங்க." நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த வயதில் அப்பாவைக் காப்பாற்ற உனக்குத் தெரிந்த வழி அதுதான், நாங்கள் காட்டிய வழியும் அதுதான். ஆனால் சொல்ல ஒரு வீடு இருக்கிறவன் தப்பித்துவிடுவான் என்பதை நீ கற்றுக்கொண்ட அதே நாளில், அது இல்லாதவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டாய். அதை நாங்கள் கவனிக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு உன்னைக் கொரோனா என்றுதான் கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை. உன் நோட்டு அட்டையில் யாரோ எழுதியதை நீ மையால் அடித்திருந்தாய், வெளிச்சத்தில் பிடித்தால் படிக்க முடிந்தது. அப்பாவைப் பெற்றோர் கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னாய். நான் சொல்லவில்லை. அவரே அன்றைக்கு லோடு இருக்கிறது என்று போய்விட்டார். வளர வளர இந்த ஊரில் யாரும் பேசாத அளவுக்கு இந்த ஊர்ப் பேச்சைப் பேசினாய். கபடி டீமில் சேர்ந்தாய். மாரியம்மன் பண்டிகைக்குத் தோரணம் கட்ட முதல் ஆளாகப் போனாய். வடக்கே இருந்து வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி உன் கூட்டாளி வெற்றியும் நீயும் பேசிக்கொள்வது அடுப்படிக்குக் கேட்கும். "இவனுக எல்லாத்தையும் மூட்டை கட்டி ரயில்ல ஏத்தோணும்டா," என்று உன் குரல்தான் உரக்கக் கேட்கும். ஒருநாள் அப்பா தின்பதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார். பிறகு மறுபடி தின்ன ஆரம்பித்தார். நான் அதையும் பார்த்தேன்.

பிரிவு ரோட்டில் நடந்ததை நான் அப்பா வாயிலிருந்துதான் கேட்டேன். அடிபட்டவன் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்று போலீஸ்காரர்கள் மில்லுக்கு வந்து அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். யார் அடித்தது என்று அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. தன் ஊர்ப்பக்கத்துப் பையன் என்று பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பிஜோய் சொல்லச் சொல்ல இவர் தமிழில் சொன்னாராம், எழுத்தர் எழுதினாராம். கூட்டம் சூழ்ந்துகொண்டபோது டீக்கடையிலிருந்து நீலக் கட்டச் சட்டை போட்ட ஒரு பையன் வெளியே வந்தான், எங்கள் ஊர் முகம், என்று பிஜோய் சொன்னான். "அவனைப் பார்த்ததும் பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்."

அப்போது கூட இருந்தவர்கள் சிரித்தார்கள் என்றும் சொல்லியிருக்கிறான். என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது. யாரோ போனில் எடுத்து நம் ஊருக்குள் சுற்றிய வீடியோவில் நான் கேட்டேன். வெற்றியின் குரல்தான் அது. "டேய் அருளு, உன்ற மாமன் வந்துட்டான்டா. பொண்ணு கூட்டிட்டு வந்திருக்கறானான்னு கேளு." பின்னால் இருந்து தெரியாத ஒருவர், "இவனும் அவங்கூட்டம்தானா?" என்கிறார். அந்தக் கேள்விக்குப் பிறகு உன் முகம் மாறுகிறது. நீ கையை உதறுகிறாய், அவன் விடவில்லை. "யாருடா நீ? யாரூட்டுக்குடா வந்தே? சொல்றா," என்று கேட்கிறாய். அவன் ஏதோ சொல்லிக்கொண்டே கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கிறான். நீ அறைகிறாய். அதற்கு முன்னால் அவன்மேல் யார் கையும் பட்டிருக்கவில்லை, சாமி. முதல் அடி உன்னுடையது. அதன் பிறகு எல்லோரும் அடித்தார்கள். நீ பயந்துவிட்டாய் என்று எனக்குத் தெரிகிறது. அந்தக் கூட்டம் உன் பக்கம் திரும்ப ஒரு நொடிதான் இருந்தது என்பதும் தெரிகிறது. பிளீச்சிங் தண்ணீரில் நனைந்து நின்ற மனிதரின் மகன் பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அவனும் பயந்துதான் உன்னிடம் ஓடி வந்தான். அந்தக் கூட்டத்திலேயே அவன் நம்பியது உன் ஒருவனைத்தான்.

பிஜோய் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னதாக அப்பா சொன்னார். "எங்கள் ஊர் முகம்" என்று சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டதாம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த முகம் இன்னொன்று யாருக்கு இருக்கிறது? எழுத்தர் தலையைத் தூக்கி இவர் முகத்தைப் பார்த்திருக்கிறார். "ஊட்டுல கேட்டுட்டு வந்து சொல்றேனுங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வந்து என் எதிரில் உட்கார்ந்து இவ்வளவையும் சொல்லிவிட்டு, உன் நீலச் சட்டை எங்கே என்று கேட்டார். கொடியில் இருந்தது. எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

இதற்குள் அந்த வீடியோவை நீ அறைவதற்கு முன்னாலேயே யாரோ வெட்டி, அது எங்கெங்கோ போய்விட்டது. உனக்கும் வந்திருக்கும். "பிடிபட்ட இரண்டு பிள்ளை பிடிப்பவர்கள்" என்று எழுதிப் பரப்புகிறார்கள். அவன் உன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, இரண்டு முகத்துக்கும் வட்டம் போட்டிருக்கிறார்கள். போலீஸும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். கூட வந்த இன்னொருவன் எங்கே ஓடினான் என்று அப்பாவை விட்டே பிஜோயிடம் கேட்கச் சொன்னார்களாம். எவ்வளவு ஓடியும் நீ போய்ச் சேர்ந்த இடம் அந்த வட்டம்தான். ஓசூரில் பஸ்ஸில் உன்னை யாராவது உற்றுப் பார்த்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்து நான் தூங்கவில்லை.

வெற்றியின் அப்பா வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நம்ம பசங்கம்மா. ஏதோ வேகத்துல கை நீட்டிப்போட்டானுக. அந்தாளு நாளைக்கு ரயிலேறிப் போயிருவான். நாமதான் இங்கயே பொழைக்கோணும்."

நான் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

"ஒரு ரோசனை சொல்றேன், கேளுங்க. உங்க பையனையும் அவங்கூட்டம்னு நெனச்சுச் சேத்து அடிச்சாங்கன்னு எழுதிக் குடுத்திருங்க. வீடியோவும் அப்படித்தான் இருக்குது. உங்க பையனுக்கும் ஒண்ணும் ஆவாது, எங்க பையனுக்கும் ஆவாது. தெரியாத எவனோ அடிச்சான்னு போயிரும். அந்த மூஞ்சி இன்னைக்காச்சும் ஒதவட்டுமே."

அவர் கெட்டவர் இல்லை. உனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவர். அவர் சொன்னதை நான் ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. ஒரு பொய் சொன்னால் நீ வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த முகத்தால் இத்தனை வருடம் பட்டதற்கெல்லாம் ஒரே நாளில் கணக்குத் தீர்ந்ததுபோல்கூட இருந்திருக்கும். ஆனால் அப்பா தினமும் மில் வேலை முடிந்து கஞ்சி எடுத்துக்கொண்டு அந்த வார்டுக்குப் போகிறார். பிஜோய்க்கு ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். போனில் அவர்களுக்கு முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும் கேட்க வைக்கிறானாம். அந்தப் பையன் கிடைத்தானா என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறான். முதல் அடி யார் கையிலிருந்து வந்தது என்று பிஜோய் பார்க்கவில்லை, அந்தப் பையனையும் அடித்திருப்பார்களோ என்று கவலைப்படுகிறான். "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "கெடச்சிருவான்னு சொன்னேனுங்க," என்றார் அப்பா. அந்தக் கவலைக்கு மேல் எப்படி நான் அந்தப் பொய்யைக் கொண்டுபோய் வைப்பது?

நேற்று நானும் அப்பாவும் ஸ்டேஷனுக்குப் போனோம். நான் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போனேன், வழக்கம்போல நீட்டிவிட்டு வந்துவிடலாம் என்று. சப்-இன்ஸ்பெக்டர் வாங்கி மேஜைமேல் வைத்தாரே தவிரப் படிக்கவில்லை. போனைத் திருப்பி அந்த வீடியோவைக் காட்டினார். அவன் உன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். சுற்றிலும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அடிபட்டவன் தெரியுது. இந்த இன்னொருத்தன்? யாரூட்டுப் பையன், ஏதாச்சும் தெரியுமாங்க?"

தாளைக் காட்டினேன். "வாயால சொல்லுங்கம்மா," என்றார்.

"பீட்டர் ஊட்டுப் பையனுங்க," என்றேன். "பேரு அருள். அடிபட்டவங்கூட வந்தவன் இல்லீங்க. மொதல்ல அடிச்சவன் அவன்தானுங்க. நான் அவனோட அம்மா."

அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். உன்னை மட்டும்தான் சொன்னேன், சாமி. மற்றவர்களைச் சொல்வது உன் பாடு, அவர்களைப் பெற்றவர்கள் பாடு. கேஸ் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கலாம். இந்த ஊரில் இனி நமக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்காமல் போகலாம். வெற்றியின் வீட்டில் இப்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீ என்னை வெறுக்கலாம். அதையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். ஓசூருக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அவர்கள் வந்து உன்னைக் கூட்டிவருவதற்கு முன்னால் நீயாகவே வந்துவிடு.

எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று போன் செய்ய வேண்டாம். அப்பா நாளையிலிருந்து வேலைக்குப் போகாமல் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் நிற்கப் போகிறாராம். அங்கிருந்து ஸ்டேஷன்வரைக்கும் ஆட்டோ வேண்டாம், நடந்தே போய்க்கொள்கிறோம் என்கிறார். கடைவீதி வழியாக, எல்லோரும் பார்க்கிற மாதிரி. நீ அவரோடு சேர்ந்து நடந்து ரொம்ப நாளாகிவிட்டதாம்.

உன் அம்மா